கையகலம் குறைந்த ட்ரைவர்

கிண்ணியாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் றிஸ்விக்குக் கோல்ப் பைத்தியம் பிடித்தது ஒரு கழிப்பறையால்தான். சீனன்குடாவில் கோல்ப் மைதானத்து கிளப் கட்டடத்துக்குக் கழிப்பறை டைல்ஸ் இறக்கப் போனவன், லொறி வெறுமையாகும்வரை நிழலில் நின்று வேடிக்கை பார்த்தான். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மட்டையை ஓங்கி வீசினார். பந்து பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. 'இவ்வளவுதானா? நான் அடித்தால் இதைவிடத் தூரம் போகும்' என்று றிஸ்வி நினைத்தான். கோல்ப் விளையாடுகிற முக்கால்வாசிப் பேரைக் குட்டிச்சுவராக்கியது இந்த ஒரு நினைப்புத்தான். ஐந்து வருடமாகிறது. அந்தத் தூரத்தை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அவனுடைய கூட்டாளி நிருபன். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பவன். இளவட்டமாக இருந்த காலத்தில் இருவரும் மென்பந்து கிரிக்கெட்டில் எதிரெதிர் அணியில் நின்று, தொண்டை கிழியச் சண்டை பிடித்து, அந்தச் சண்டையிலேயே கூட்டாளியானவர்கள். நிருபனைக் கோல்புக்கு இழுத்து வந்தவன் றிஸ்விதான். வந்தவனோ ஆறு மாதத்திற்குள் இழுத்து வந்தவனைவிட நன்றாக அடிக்கத் தொடங்கிவிட்டான். அதில் றிஸ்விக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் சனிக்கிழமை காலையில் பாலத்தைக் கடந்து வந்து, நிருபனின் மோட்டார் சைக்கிள் கிளப் வாசலில் நிற்பதைக் கண்டால்தான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வரும். கிழமை முழுவதும் கடையில் இருந்து கேட்ட கதைகளையெல்லாம் அங்கேதான் இறக்கி வைப்பான்.

றிஸ்வியின் சிக்கல் முழுவதும் ஒரே ஒரு மட்டையில் இருந்தது. கோல்ப் பைக்குள் பல மட்டைகள் இருக்கும். தூரமான குழிகளுக்கு முதல் அடியை ட்ரைவர் என்கிற மட்டையால் அடிப்பார்கள். பையில் உள்ளவற்றில் அதுதான் நீளமானது, தலையும் பெரியது. கிட்டத்து அடிகளில் றிஸ்வி மோசமில்லை. ட்ரைவரைத் தொட்டால் மட்டும் அவன் உடம்புக்குள் வேறு யாரோ புகுந்துவிடுவார்கள். பந்து நல்ல பிள்ளையாக நேரே கிளம்பும். பாதி வழி போனதும், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி வலப்பக்கம் திரும்பிவிடும். வலப்பக்கம் கடல்.

"சீனன்குடாக் கடல்ல மீனை விட என்ட பந்துதான் கூட" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு வெளியில் மட்டும்தான்.

"கொஞ்சம் கீழ இறக்கிப் பிடி மச்சான். நுனியில பிடிச்சா மட்டைதான் உன்னை ஆட்டும்" என்று நிருபன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

"கீழ பிடிச்சா தூரம் கொறையும்டா."

"கடலுக்குள்ள தூரமாப் போய் என்ன செய்யப் போறாய்?"

இதைக் கேட்டும் றிஸ்வி ஒருநாளும் பிடியை இறக்கியதில்லை.

ஆவணி மாதத்தில் மைதானத்தில் சோடிப் போட்டி நடக்கும். இருவருக்கும் ஒரே பந்து. ஒருவன் அடித்த பந்து எங்கே போய்க் கிடந்தாலும், மற்றவன் அங்கேயிருந்துதான் அடுத்த அடியை அடிக்க வேண்டும். அதனால் றிஸ்வி செய்த பாவத்தையெல்லாம் நிருபன்தான் சுமந்தான். முட்பற்றைக்குள் முழங்கால்வரை இறங்கி அடித்தான். வேலியோரத்தில் மாட்டுச் சாணத்துக்குப் பக்கத்தில் நின்று அடித்தான். போன வருடம் கடைசி இடம். கிண்ணத்தை வாங்கியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் பின்னால் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் டொக்டர் லக்சன் வந்து சேர்ந்தார். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர், வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. அவர் ட்ரைவரால் அடித்தால் பந்து விழுகிற இடத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை விளையாடி முடிந்து, றிஸ்வி காரின் டிக்கியில் பையை ஏற்றிக்கொண்டிருந்தபோது நிருபன் பக்கத்தில் வந்து நின்றான்.

"டொக்டர் கேட்டவர் மச்சான், இந்த முறை தன்னோட சோடி சேரச் சொல்லி. நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

றிஸ்வி டிக்கிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். "அதுக்கென்ன, சேரு. நல்ல அடிகாரன்தானே. எனக்கொண்டுமில்ல."

"உனக்கு ஒண்டுமில்லையா?"

"எனக்கென்ன இரிக்கி? கடையிலயும் இப்ப வேல கூட."

நிருபன் டிக்கி மூடியில் விரலால் ஒருதரம் தட்டினான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானம் றிஸ்விக்குச் சோறு இறங்கவில்லை. "கறியில உப்புக் கூடிட்டா?" என்று மனைவி அசனா கேட்டாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சோடி மாறினால் பயிற்சி மாறும், பயிற்சி மாறினால் சனிக்கிழமை மாறும். இதுதான் அவன் தொண்டையில் நின்றது. கிண்ணம் போனால் போகட்டும். அது என்றைக்கு வந்தது, இனிப் போவதற்கு? நிருபன் போனால் என்ன செய்வது? ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு மனுசன் இன்னொரு மனுசனிடம் போய் 'என்னை விட்டுட்டுப் போகாத' என்று சொல்லவா முடியும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் அப்படிச் சொல்வார்கள். எனவே அவன் ஆம்பிளைகள் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தான். புதுச் சாமான் ஒன்று வாங்க முடிவெடுத்தான். பந்து நேராகப் போனால், நிருபன் தானாக நிற்பான்.

அதன்பிறகு கடையில் வியாபாரம் நடந்ததா, ட்ரைவர் ஆராய்ச்சி நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லாவுக்குப் பின்னால் இருந்து போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். ஒருவன் மட்டையின் தலை பெரிதாக இருக்க வேண்டும் என்றான். இன்னொருவன் தலையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் தண்டில்தான் இருக்கிறது என்றான். கிளப்பில் வயதில் மூத்தவரான கலீலுர் றஹ்மான் ஹாஜியாரைக் கேட்டபோது, "பாரமாப் பாத்து எடு தம்பி, பாரம் இருந்தாத்தான் பந்து பயப்படும்" என்றார். மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பம். சாய்வு கூடினால் பந்து எழும்பும், அடிக்கச் சுகம் என்று வீடியோவில் சொன்னார்கள். கிளப்பில் இருந்தவர்களோ, பன்னிரண்டு டிகிரி எல்லாம் பொம்பிளைப் பிள்ளைகளுடைய மட்டை, ஆம்பிளை என்றால் ஒன்பது என்று அடித்துச் சொன்னார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கடைக்கு வருகிறவர்களுக்கு றிஸ்வி சொல்கிற புத்திமதி இது: "மினுக்கத்தப் பாத்து எடுக்காதீங்க, குளிக்கிற அறையில வழுக்கி விழுவீங்க. ஒங்கட தரைக்கு என்ன சரியோ அத எடுங்க." அதே வாயால் தனக்கென்று கடைசியில் முடிவு செய்தது ஒன்பது டிகிரி, அதுவும் அந்த வகையிலேயே ஆக நீளமான தண்டு. நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது அவன் கணக்கு.

அசனாவின் தம்பி அஸ்ஹான் கட்டாரில் வேலை செய்கிறான், லீவில் வர இருந்தான். றிஸ்வி படத்தை அனுப்பி, தண்டின் நீளத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டு, "இதுதான் முக்கியம், இதில கொறையாமப் பாத்துக்கோ" என்று குரல் பதிவும் அனுப்பினான். "எடுத்துட்டேன் மச்சான், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது.

அஸ்ஹான் வந்த அன்று வீடு நிறையச் சனம். கயிறு சுற்றிக் கட்டிய பெரிய டீவீப் பெட்டியை நடு ஹோலில் வைத்து அவிழ்த்தார்கள். டீவீ வந்தது, போர்வைகள் வந்தன, பால்மா வந்தது, கைப்பிடி கழற்றிய பிரஷர் குக்கர் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சரித்து, துவாயில் சுற்றிய ட்ரைவர் வந்தது. றிஸ்வி அதைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான். துவாயை உரித்தான். கறுப்புத் தலை மினுங்கியது. கையைத் தண்டில் மேலே மேலே கொண்டுபோனான். பிடிக்கிற ரப்பர் தொடங்கி, பாதியிலேயே முடிந்துவிட்டது.

"அஸ்ஹான், இதென்ன இது?"

"பெட்டிக்குள்ள அடங்கல்ல மச்சான். மூலைக்கு மூலை வச்சும் பாத்தேன், ஒரு கையகலம் வெளிய நீட்டிட்டு நிண்டிச்சி. நீட்டிட்டு நிண்டா எயார்போட்ல தனிப் பொதியெண்டு பிடிப்பானுகள். அதான் இரும்பு வாளால அறுத்துட்டேன்." சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு துண்டைப் பெருமையோடு எடுத்து நீட்டினான். "வெட்டின துண்டையும் வீசல்ல. இஞ்ச வெல்ட் பண்ணிக்கொள்ளலாம்தானே?"

வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. அவர்களுக்குச் சாமானுக்காகப் பெட்டி இல்லை, பெட்டிக்காகத்தான் சாமான். குக்கரின் கைப்பிடியைக் கழற்றுவார்கள், பிள்ளையின் சைக்கிளில் சில்லைக் கழற்றுவார்கள், கழற்ற முடியாததை அறுப்பார்கள். அஸ்ஹான் மேல் பிழை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தத் தண்டு இரும்பல்ல, கறுப்புக் காபன் நாரில் செய்தது. வெல்ட் வைத்தால் கருகித்தான் போகும். இதைச் சொல்லி, அவ்வளவு தூரம் சுமந்து வந்தவனின் முகத்தைச் சுண்ட வைக்க றிஸ்விக்கு மனம் வரவில்லை.

"நல்லம்டா, நல்லம்" என்றான். அசனா மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்குள் ஓடினாள்.

வீசிவிடவும் மனமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஒரு பழைய மட்டையின் ரப்பரைக் கழற்றி, பெற்றோல் தடவி, அறுபட்ட தண்டில் இழுத்து ஏற்றினான். வீசிப் பார்த்தபோது தலை பாரமில்லாமல் வெறுமையாக இருந்தது. அடுத்த வீட்டு வலைக்காரரிடம் ஈயத்துண்டு வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, தலைக்கு அடியில் டேப்பால் ஒட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை. கிளப்பில் யாரும் கண்டால் ஒரு வருடத்துக்குச் சிரிப்பார்கள். பழைய ட்ரைவரைப் பையில் மேலாக வைத்து, இதை உடுக்கிற பழைய சாரன் ஒன்றில் சுற்றிக் கீழே செருகினான்.

மறுநாள் காலையில் கிளப் வாசலில் நிருபனோடு டொக்டரும் நின்றார்.

"இண்டைக்கு மூண்டு பேரா அடிப்பம்" என்றான் நிருபன். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. றிஸ்விக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கப் போகிறான். 

முதல் குழியில் பழைய ட்ரைவரால் அடித்தான், கடல். அடுத்ததும் கடல். அதற்கு அடுத்தது ஒரு மாற்றத்துக்காக முட்பற்றை. டொக்டரின் பந்துகளோ ஒவ்வொன்றும் கச்சான் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், நடுப் புல்லில் தூரத்தில் வெள்ளையாகக் கிடந்தன. நிருபன் ஒவ்வொரு தடவையும் டொக்டரின் பந்தைப் பார்த்துத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் றிஸ்வியைக் கொன்றது. ஐந்தாவது குழியில் முறை வந்தபோது, இனிப் போக மானமும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. குனிந்து, சாரனை அவிழ்த்து, வெட்டுப்பட்டதை வெளியே எடுத்தான்.

டொக்டர் முதலில் பார்த்தார். "றிஸ்வி நானா, இது மகன்ரை மட்டையோ?"

"இதென்னடா கோலம்?" என்றான் நிருபன்.

ஒளிக்க இனி என்ன இருக்கிறது? றிஸ்வி எல்லாவற்றையும் சொன்னான். சிவப்பு வட்டம், டீவீப் பெட்டி, இரும்பு வாள், பத்திரிகையில் சுற்றிய துண்டு, வெல்ட். வெல்ட் என்ற இடத்தில் டொக்டர் புல்லில் குந்திவிட்டார். நிருபனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது.

"நான் அஞ்சு வருசமா வாயால சொன்னதை, அவன் ஒரு நாளில வாளால செய்து போட்டான்!"

றிஸ்விக்கும் சிரிப்பு வந்தது. இந்த முறை உள்ளேயிருந்தே வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் பந்துக்குப் பக்கத்தில் நின்று மட்டையை வீசிவிட்டான். தோளில் ஒரு இறுக்கமும் இல்லை. 'டக்' என்று கேட்டது, இதுவரை கேளாத ஒரு சுத்தமான சத்தம். பந்து கிளம்பியது. மூவரும் பழக்கதோசத்தில் கடலைப் பார்த்தார்கள். பந்து அங்கே போகவில்லை. நேரே போய், டொக்டரின் பந்தை எட்டாமல் வெகு இப்பாலேயே, ஆனால் நடுப் புல்லில், அமைதியாக இறங்கி உருண்டது.

"யா அல்லாஹ்" என்றான் றிஸ்வி.

அடுத்ததும் நேரே போனது. அதற்கு அடுத்தது கொஞ்சம் இடப்பக்கம், ஆனால் புல். தூரம் இல்லைதான், ஆனால் பந்து இருந்தது, தேடிப் போனால் கிடைத்தது. சொந்தப் பந்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இவ்வளவு சந்தோசமான காரியம் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. ஒரு குழியில் நிருபனும் அதை வாங்கி அடித்துப் பார்த்து, "கையில நிக்குதடா" என்றான். றிஸ்விக்கு நெஞ்சு விரிந்தது. அஸ்ஹானுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசிக் குழி கடலை ஒட்டியே நீளமாகப் போகும். டொக்டர் அடித்தார், வழக்கம்போல அருமை. நிருபனும் அடித்தான். றிஸ்வி வந்து நின்றான். இது ஒன்று நேரே போனால் போதும், நிருபன் முடிவெடுத்துவிடுவான். இவ்வளவு நேரமும் இல்லாத நினைப்பு இப்போது வந்து குந்திக்கொண்டது. அதோடு இன்னொரு பேராசையும் சேர்ந்தது: நேரே மட்டும் போனால் போதாது, கொஞ்சம் தூரமும் போகட்டும். பல்லைக் கடித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசினான்.

பந்து நேரே போனது, பாதி வழி வரைக்கும். பிறகு வலப்பக்கம் வளைந்து, போய், கடலில் விழுந்தது.

டொக்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார். றிஸ்வி கையிலிருந்த மட்டையைப் பார்த்தான். பாவம், மட்டை என்ன செய்யும்? இனி இதற்குப் பின்னாலும் ஒளிய முடியாது. காட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று ஆனதும், இத்தனை நாளும் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது.

"மச்சான்."

"ஓம்?"

"நீ டொக்டரோட சேராத."

டொக்டர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. முகம் கொதித்தது. ஆனாலும் நிறுத்த ஏலவில்லை. "அவர் நல்லா அடிப்பார், எனக்குத் தெரியும். நான் இந்த வருசமும் கடல்லதான் போடுவேன். எண்டாலும் நீ என்னோடயே விளையாடு. சனிக்கிழமையில நீ இல்லாட்டி எனக்கு..."

நிருபன் தோளிலிருந்த பையைப் புல்லில் இறக்கி வைத்தான்.

"ரெண்டு கிழமையடா" என்றான். குரலில் கோபமும் இருந்தது. "ரெண்டு கிழமையா டொக்டருக்கு மறுமொழி சொல்லாம இழுத்துக்கொண்டு நிக்கிறன், நீ 'போகாத' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவாய் எண்டு. நீ என்னடாண்டா எனக்கொண்டுமில்ல எண்டு டிக்கிக்குள்ள தலையை விட்டிட்டாய். நான் நினைச்சன், இவனுக்கு என்னோட விளையாடி அலுத்துப் போச்சாக்கும், நல்ல சாட்டுக் கிடைச்சிட்டுதெண்டு கழட்டி விடுறான் எண்டு."

"நான் உன்னைக் கழட்டி விடுறதா?"

"பின்ன என்ன? இண்டைக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வந்தது ஏனெண்டு நினைச்சாய்? கண்ணுக்கு முன்னால நிண்டாலாவது உனக்கு ரோசம் வருதோ எண்டு பாக்க. வாயால ஒரு சொல்லுக் கேக்க ஏலாம, கட்டார்ல இருந்து மட்டை எடுப்பிச்சிருக்கிறாய் நீ!"

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்ரை கதி?"

"ஹாஜியாரைக் கேளுங்கோ டொக்டர். தூரம் போகாது, ஆனா ஒரு பந்தும் துலையாது."

"பரவாயில்லை" என்று டொக்டர் சிரித்தார். "உங்கட குடும்பப் பிரச்சினைக்குள்ள நான் வரேல்லை."

நிருபன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு றிஸ்விக்கு முன்னால் வந்து நின்றான். "இன்னொருக்காச் சொல்லு."

"என்னத்த?"

"இப்ப சொன்னதைத்தான். ரெண்டு கிழமை காத்துக்கொண்டு நிண்டனான், ஒருக்காக் கேட்டாப் போதாது."

றிஸ்வி சுற்றிப் பார்த்தான். கூச்சமாக இருந்தது, ஆனால் பயம் போய்விட்டிருந்தது. "என்னோட விளையாடு" என்றான், அடங்கின குரலில்.

"காத்து கொண்டு போகுது. சத்தமாச் சொல்லு."

றிஸ்வி மட்டையைப் புல்லில் போட்டான். இரண்டு கையையும் வாய்க்கு அணைத்துப் பிடித்து, கிளப் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஹாஜியார் திடுக்கிட்டு நிமிரும்படி கத்தினான்.

"என்னோட விளையாடு மச்சான்!"

"ஓம், விளையாடுறன். அதுக்கேன் கத்துறாய்?" என்றான் நிருபன். சொல்லிவிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பந்தொன்றை எடுத்து, றிஸ்வியின் கையில் வைத்து அழுத்தினான்.